சாதகம் சரியில்லை

ஆறாம் வகுப்பு படிக்கும்போது, அந்த மார்கழி முடிவதற்குள் நான் செத்துப்போய்விடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனப்பூர்வமாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் என் பம்பரத்தை நண்பனுக்குத் தானமாகவும் கொடுத்துவிட்டேன். அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

என் வயசுக்காரர்களே, சர்க்கரை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜிலேபிக்குக் கை நீட்டுகிறவர்களே, சிரிக்காதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் உங்கள் படத்துக்கு நீங்களே எத்தனை தடவை மாலை போட்டுப் பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். எழுபதுகள். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவோம். துரு வாசனை என்றால் இரும்புக் கம்பெனிப் பக்கம். அழுகிய முட்டை வாசனை என்றால் கெமிக்கல் கம்பெனிப் பக்கம். ஒரு வாசனையும் இல்லையென்றால் அன்றைக்கு ஸ்டிரைக்கு.

தெருக்கோடியில் ஒரு பஜனைக் கோயில் இருந்தது. மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் கோஷ்டி கிளம்பித் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு வரும். நைனாதான் முன்பாட்டு. ஆந்திரா எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்ததால் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா என்பவர் நைனாதான். அவருக்கு இரும்புக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டு. அதனால் காலையில் தொண்டை சும்மா இருந்தது. மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஊருக்குக் கம்பெனி வர வர, கோஷ்டி கரைந்துகொண்டே போனது. மிருதங்கம் முதல் ஷிப்டுக்குப் போயிற்று. தாளம் இரண்டு ஜோடி நைட் ஷிப்டுக்குப் போயிற்று. அந்த வருஷம், ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவருக்கும் கெமிக்கல் கம்பெனியில் வேலை கிடைத்தது. தெருவே அவருக்கு வாழ்த்துச் சொன்னது. நைனா மட்டும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போய்க் கை குலுக்கிவிட்டு வந்தார்.

கோயில் தர்மகர்த்தாவுக்கு அது ரொம்ப சௌகரியமாகப் போயிற்று. "வாத்தியம் அமையலன்னா வுடுப்பா, இன்னாத்துக்கு பேஜாரு? மைக் செட்டு கட்டி ரிகார்டு போட்டுடலாம். ரிகார்டு ஷிப்டுக்கு போவாது" என்றார்.

"ரிகார்டு பாடினா அப்பால நான் இன்னாத்துக்கு? ஊசி மாத்தவா?" என்று கேட்டார் நைனா. "எம் புள்ள வாசிப்பான்."

நான் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். யாருடைய பிள்ளை என்று திரும்பிப் பார்த்தேன்.

அன்றே ஆர்மோனியம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கறுத்துப்போன மரப்பெட்டி. உடைந்துபோன ஒரு வெள்ளைக் கட்டையின் மேல், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பச்சை பிளாஸ்டிக் துண்டு ஒன்றை யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். பல்வரிசையில் ஒரு பல் மட்டும் பச்சையாக இருப்பது போலிருக்கும். மூடியைத் திறந்தால் அந்துருண்டை, பழைய தோல், கரப்பான்பூச்சி மூன்றும் சேர்ந்து வணக்கம் சொல்லும். ஐப்பசி மழையில் கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் கீழேயே படுத்துக்கொள்ளும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், அம்மா அதைத் தூக்கிக்கொண்டுபோய் மிளகாய்க்குப் பக்கத்தில் காயவைப்பாள். அதனால் சில நாள் வாசிக்கும்போது தும்மலும் வரும்.

சொல்லிக்கொடுக்க ஆள் வீட்டிலேயே இருந்தது. முன் போர்ஷனில் குடியிருந்த பாட்டு டீச்சர். கும்பகோணம் பக்கத்துப் பெண். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலை போட்டு அனுப்பியிருந்தார்கள். காலேஜ் படிக்கிற பெண் என்று நினைக்கிற வயதுதான். வறுத்த வேர்க்கடலையை மடியில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தோலை ஊதிவிட்டுத் தின்றபடியே பாடம் சொல்வார். கம்பெனிச் சங்கு ஊதினால் மட்டும், "அய்யோ, எங்கயோ என்னமோ ஆயிடுச்சு" என்று எழுந்து நின்றுவிடுவார். கடலை தரையெல்லாம் சிதறும். ஒவ்வொரு சங்குக்கும் எனக்குக் கடலை நிச்சயம்.

நான் வாசித்த அழகைச் சொல்கிறேன். பஜனையின் கடைசி நாள், போகி அன்று விடியற்காலை மட்டும் பாடுகிற பாட்டு ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் சமதரை, எப்படியோ ஓட்டிவிடலாம். இந்தப் பாட்டின் இரண்டாவது வரியில் சுரம் சரசரவென்று மேலே ஏறும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் குனிந்து புகுந்து போய் அடுத்த கட்டையைப் பிடிக்க வேண்டும். என் கட்டைவிரலுக்கு அந்தப் பணிவு இல்லை. முதல் வரியை மெயில் வண்டி மாதிரி வாசிப்பேன். அந்த மேட்டில் ஏறும்போது விழுவேன். விழுந்ததும் என்ன செய்வேன்? மறுபடி முதல் வரி. மறுபடி மெயில் வண்டி. மறுபடி அதே இடத்தில் விழுவேன். இப்படியே போய் முதல் வரி வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளத்தது. தினமும் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து, விழுவதிலும் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். நைனாவுக்கு வார லீவு. நான் சமையலறையில், வெல்ல டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். வாசலில் டீச்சரின் குரல் கேட்டது.

"பையனோட சாதகம் சரியில்லைங்க."

நைனா கேட்டார்: "இன்னாமா சொல்றீங்க?"

"நானும் வந்ததுலேந்து பாத்துட்டுதான் இருக்கேன். காலம் நிக்கல. ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுது. நடுவுல மூச்சு நின்னுடுது."

"மூச்சா?"

"ஆமாங்க. இப்படியே விட்டா மார்கழி தாண்டாது."

நைனாவின் குரல் யாரோ வேறு ஆளின் குரல் மாதிரி வந்தது. "வேற வழி ஒண்ணும் இல்லியாமா?"

"இருக்கு, பாக்கலாம். ரெண்டு கட்டையில போக வேணாம், சின்னப் பையன், தாங்காது. ஒன்றரைக் கட்டையில போகட்டும்."

சங்கீதம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்து முடித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாட்டுப் பழகுவதற்கு டீச்சர் ஊரில் சாதகம் என்று பெயர். காலம் என்றால் தாளத்தின் வேகம். மூச்சு என்றது ஆர்மோனியத் துருத்தியின் காற்றை. கட்டை என்றால் சுருதியின் அளவு. பையன் ஒழுங்காகப் பழகவில்லை, நிதானம் இல்லை, மேட்டில் துருத்திக் கை நின்றுபோகிறது, சுருதியைக் குறைத்துப் பார்க்கலாம். அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் பழகுவதற்குப் பெயர் 'பிராட்டீஸு'. சாதகம் என்றால் ஜோசியர் கையில் வைத்துக்கொண்டு உச்சுக்கொட்டுவாரே, அது. ஜாதகம் என்று சொல்லுகிற நாக்கு எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. காலம் சரியில்லை என்றால் என்ன, மூச்சு நிற்பது என்றால் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 'கட்டையில போறவனே' என்பது, அம்மா என்னை உச்சக் கோபத்தில் மட்டும் திட்டுகிற வசவு. இப்போது ஒரு படித்த டீச்சர் வந்து, சின்னப் பையன்தானே, ஒன்றரைக் கட்டை போதும் என்று விறகுக்கு அளவே எடுத்துவிட்டார்!

முன்பாட்டுக்காரருக்குச் சுருதிக் கட்டை தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. ஆர்மோனியக்காரர் எதை அழுத்துகிறாரோ அதில் நைனா பாடுவார். அதற்குப் பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

நைனா உள்ளே வந்தார். நான் டப்பாவிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றேன். வழக்கப்படி முதுகில் ஒன்று விழ வேண்டும். அவர் என் தலையைத் தடவினார். பிறகு ஒரு பெரிய வெல்லக்கட்டியைத் தானே எடுத்து என் கையில் வைத்தார்.

"துன்னு கண்ணு. துன்னு."

அப்போதே தெரிந்துவிட்டது, என் கதை முடிந்தது என்று.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததெல்லாம் அத்தாட்சிதான். அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள். கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். "போனா போவுது கண்ணு, கணக்கு இன்னா சோறா போடப் போவுது?" என்றாள். பழவேற்காட்டிலிருந்து எறா, அதாவது இறால், வரும் நாளில் பெரியதெல்லாம் நைனாவின் தட்டுக்குத்தான் போகும். அதுதான் வீட்டுச் சட்டம். இப்போது என் தட்டுக்கு வந்தது. நைனா தன் தட்டில் இருந்ததையும் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இவனுக்கு மட்டும் இன்னா இவ்ளோ எறா?" என்று அக்கா சண்டைக்கு வந்தாள்.

"சும்மாரு. புள்ள துன்னட்டும். இன்னும் எத்தினி நாளிக்கு..." என்று ஆரம்பித்த அம்மா, நாக்கைக் கடித்துக்கொண்டு மோர் எடுக்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு மோரே கிடையாது.

எறா தொண்டைக்குள் இறங்கவில்லை. தூக்கில் தொங்கப்போகிறவனுக்குத்தான் கேட்டதையெல்லாம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறங்காவிட்டாலும் ஒன்றுவிடாமல் தின்றுவிட்டேன்.

ஒரு நாள் அம்மா என்னைத் திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். பஸ் மாறி மாறிப் போனோம். நான் ஜன்னல் வழியாக எதைப் பார்த்தாலும் வாங்கிக் கொடுத்தாள்: பட்டாணி, பஞ்சு மிட்டாய், தகர விசில். விசிலை நான் கேட்கக்கூட இல்லை, சும்மா பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்வைக்கு இவ்வளவு பலம் வந்திருக்கிறது, அதை அனுபவிக்க ஆயுசு இல்லையே என்று துக்கமாக இருந்தது. சன்னதியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இவனுக்கு வர்றது எனக்கு வரட்டும்" என்று முணுமுணுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாமி, அது சொல்றத கேக்காத. ரெண்டு பேருக்கும் வேணாம்" என்று நான் அவசர அவசரமாக ஒரு மனுப் போட்டேன்.

இதையெல்லாம் நான் நம்பிச் சொன்னது ஒரே ஆளிடம்தான், பக்கத்து வீட்டு நண்பனிடம். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவனுடைய அப்பா அதுவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிவிட்டு, கெமிக்கல் கம்பெனி வந்ததும் அங்கே மூட்டை ஏற்றப் போனவர். நண்பன் முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"எங்களுக்கு சாதகமே கெடையாதுடா."

"அப்ப நீங்க சாவ மாட்டீங்களா?"

"இன்னாத்துக்கு சாவாம? எங்க பெரியப்பா சாதகம் இல்லாமயே செத்தாரு." மறுபடி யோசித்தான். "பம்பரம் யாருக்கு?"

கொடுத்துவிட்டேன். சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட பம்பரம். சுற்றினால் தூங்கும், அப்படி ஒரு ஆணி. வாங்கிக்கொண்டவனுக்கும் கொஞ்சம் மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். "டே, அந்த டீச்சர்தானடா கண்டுபுடிச்சாங்க? இதுக்கு இன்னா பண்றதுன்னு அவங்களையே கேளேன்" என்றான்.

இவ்வளவு நாள் எனக்குத் தோன்றாத யோசனை. மறுநாள் பாடத்துக்குப் போய் உட்கார்ந்ததும், கேட்டேன். "டீச்சர், என் சாதகம் சரியில்லியாமே?"

"ஓ, அப்பா சொல்லிட்டாரா? நல்லதாப் போச்சு. உனக்கே தெரிஞ்சாத்தான் சரியாகும்."

சாகப்போகிறவனிடம் இப்படியா கடலை தின்றுகொண்டு பேசுவது என்று நினைத்தேன். "இதுக்குப் பரிகாரம் இன்னா டீச்சர்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சங்கு ஊதாமலேயே கடலை சிதறியது அன்றைக்கு மட்டும்தான். "பரிகாரமா! நல்லா கேட்டடா. இருக்கு. ஆனா சொன்ன மாதிரியே செய்யணும். மீறக் கூடாது."

"மீறினா?"

"மீறினா மறுபடி பழைய கதைதான்."

சொல்லச் சொல்ல மனசில் எழுதிக்கொண்டேன்.

"முதல்ல, பாட்டைத் தலையிலேந்து ஆரம்பிக்கிறத விடு. முதல் வரி உனக்குத் தூக்கத்துலயே வரும், அதுக்கு என்ன சாதகம்? அந்த மேட்டுல நாலு கட்டை இருக்கு பாரு, அது மட்டும்தான் உனக்கு. வேற எதையும் தொடாதே. வாசிக்கிறதுக்கு முன்னாடி அதை வாயால பாடு. வாய்க்குத் தெரியாதது விரலுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் மெதுவா வாசி. எவ்வளவு மெதுவான்னா, தப்பு பண்ணணும்னு நினைச்சாலும் பண்ண முடியாத அளவுக்கு. எந்தக் கட்டைக்கு எந்த விரல்னு ஒரு தடவை வச்சுக்கிட்டா அதே விரல்தான். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு கூடாது. தப்பு விழுந்துச்சுன்னு வையி, அங்கயே நில்லு. மேல போயிடாதே."

"மேல போவ மாட்டேன் டீச்சர்" என்றேன்.

"சரியா வந்துதா, ரெண்டு மூணு தடவை அதே மாதிரி வாசிச்சுட்டுப் பெட்டிய மூடிடு. காலையில கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம். கை அசந்தப்புறம் வாசிக்காதே. அசந்த கை தப்பைத்தான் பழகும்."

"பொட்டி இல்லாதப்போ?"

"எங்கயாவது பலகையில விரல ஓட்டு. சத்தம் மனசுக்குள்ள கேக்கும்."

எந்த ஜோசியரும் இவ்வளவு விவரமாகப் பரிகாரம் சொல்லிக் கேட்டதில்லை. செலவும் கிடையாது, கறுப்புத் துணி, எள் எதுவும் வேண்டாம். மறுநாள் விடிந்ததும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு நானே ஒரு விதியும் சேர்த்துக்கொண்டேன்: ஒவ்வொரு தப்புச் சுரத்துக்கும் சனீஸ்வரன் என் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கிறார். அப்படி ஓர் ஆள் வாசற்படியில் நிற்கும்போது யாராவது அவசரமாக வாசிப்பார்களா? ஒரு கட்டையை அழுத்துவேன். அது சரிதானா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன். நன்றாகக் கேட்ட பிறகுதான் அடுத்த விரல் நகரும். அதுவரை நான் ஆர்மோனியத்தை அடித்துக்கொண்டிருந்தேனே தவிர, கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பச்சைக் கட்டையின் குரல் மற்றதைவிடக் கொஞ்சம் கரகரப்பு என்பதுகூட அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வீட்டில் இது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. மெயில் வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ம்ம்... ம்ம்... என்று நான்கு சுரத்தை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் பெற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

"கையி ஓடலியேயா புள்ளைக்கு" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

"காத்து கொறஞ்சிகினே வருது" என்றார் நைனா.

அவர்கள் பேசுவதை நான் கேட்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சிரித்த முகம் காட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வளைய வந்தோம். அக்கா மட்டும் நிஜ முகத்தோடு இருந்தாள். அவளுக்கு எறாக் கணக்கு இன்னும் தீரவில்லை.

நான் பரிகாரத்தை விடவில்லை. வகுப்பில் பெஞ்சுப் பலகையில் வாசித்தேன். பிரேயர் வரிசையில் முன்னால் நின்ற நண்பனின் முதுகில் வாசித்தேன். "கட்டெறும்புடா!" என்று அவன் துள்ளினான். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் வாசித்தேன். ஒரு நாள் காலை, எதையும் நினைக்காமல் இருந்தபோது, கட்டைவிரல் தானாகக் குனிந்து மற்ற விரல்களுக்கு அடியில் புகுந்து, அடுத்த கட்டையில் போய் நின்றது. கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் மேனேஜர் முன்னால் நிற்பது போல அவ்வளவு பவ்வியம். நான் பயந்துபோய்ப் பெட்டியை மூடிவிட்டேன். சரியாக வந்ததும் மூடிவிட வேண்டும் என்பதுதானே கட்டளை.

டீச்சர் மேட்டுக்கு முன்னால் ஒரு சுரம், பின்னால் ஒரு சுரம் என்று ஒட்டவைத்துக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் வளர்ந்து, மேடு பாட்டோடு சேர்ந்துகொண்டது. ஒரு தொல்லை மட்டும் பாக்கி. அந்த இடம் வந்தால் இடது கை துருத்தியை அமுக்காமல் அப்படியே நிற்கும், சத்தம் செத்துவிடும். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்டுபிடித்தார்.

"டேய், நீ மூச்சைப் பிடிச்சுக்கிறடா. அதான் கையும் நிக்குது. மூச்ச விட்டுடு."

"இப்பவேவா டீச்சர்?"

"பின்ன எப்ப? விடுடா. தாராளமா விடு. பயமே வேணாம்."

இவ்வளவு அன்பாக என்னை யாரும் வழியனுப்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். உயிர் போகவில்லை. கை ஓடியது.

மார்கழி பிறந்தது. பனியும் கெமிக்கல் கம்பெனிப் புகையும் ஒன்றாகக் கலந்து தெருவில் நிற்கும். நைனாவின் பழைய வேட்டியால் ஆர்மோனியத்தை என் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. ஆர்மோனியத்துக்குக் கால் முளைத்து நடக்கிறது என்று தெருவில் சொன்னார்கள். கோஷ்டியில் மிச்சம் இருந்தது நைனா, டோலக் மாமா ஒருவர், தாளம் தட்டும் இரண்டு பேர், நான். சமதரைப் பாட்டுகளை ஓட்டிக்கொண்டு போனோம். தர்மகர்த்தா கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, "கடசி நாள் பாட்டுல பாக்கலாம். மைக் செட்டுக்காரன ரெடியா இருக்க சொல்லிக்கீறேன்" என்று தினமும் ஒரு தடவை ஞாபகப்படுத்தினார். அவருக்கு அது மைக் செட்டு விவகாரம். எனக்கு அது வேறு கெடு. போகி தாண்டினால் தை. தாண்டினால்தானே?

போகி அன்று வீட்டு வாசல்களில் பழம்பாய் எரிந்துகொண்டிருந்தது. கோயில் முன்னால் அந்த வருஷம் பார்க்காத கூட்டம். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டிபன் டப்பாவோடு நின்றுவிட்டார்கள். பழைய ஆர்மோனியக்காரரும் அவர்களோடு நின்றார். அவருடைய விரல்கள் டப்பாவின் மூடியில் ஓடிக்கொண்டிருந்தன. டீச்சர் முக்காடு போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா சாமியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

நைனா எடுத்தார். முதல் வரியில் நான் மெயில் வண்டியை விடவில்லை. மாட்டு வண்டி மாதிரியே போனேன். நைனா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என் நிதானத்துக்கு வந்தார். இரண்டாவது வரி. மேடு தெரிந்தது. மூச்சை விட்டேன். கட்டைவிரல் குனிந்தது. புகுந்தது. அடுத்த கட்டையைப் பிடித்தது. சுரம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போதுதான் கவனித்தேன், ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு இல்லை. நைனா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் மூச்சு நின்றது அவருக்குத்தான். டோலக் மாமா முழங்கையால் ஓர் இடி இடித்த பிறகு அவர் வந்து சேர்ந்துகொண்டார். பழைய ஆர்மோனியக்காரர், "அடி சக்க!" என்று கத்திவிட்டுக் கம்பெனிக்கு ஓடினார்.

பாட்டு முடிந்தது. தர்மகர்த்தா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மைக் செட்டுக்காரனைப் பார்த்து, "நீ போய்ட்டு வாப்பா" என்றார். தொன்னையில் வெண்பொங்கல் கொடுத்தார்கள். விடிந்துகொண்டிருந்தது. கம்பெனிச் சங்கு ஊதியது. டீச்சர் அசையவில்லை, கையில் இருந்த பொங்கலிலிருந்து மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் நெருங்கிப் போனாள். நைனாவும் பின்னாலேயே வந்தார். நான் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"டீச்சரம்மா, புள்ளையோட சாதகம் இப்ப எப்டிமா கீது?"

"இப்பவா? ரொம்ப சுத்தம்மா. இவ்வளவு ஒழுங்கா சாதகம் பண்ற பையன நான் பாத்ததே இல்ல."

"பண்றதா?" அம்மா நைனாவைப் பார்த்தாள். "சாதகத்த எப்டிமா பண்றது? அது பொறக்கறப்பவே எய்தறது இல்ல?"

டீச்சர் ஒரு மிளகை விரலில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுவதை நான் பார்த்தேன்: சாதகம், காலம், மூச்சு, கட்டை. "அய்யய்யோ" என்றார். பிறகு தொன்னையைக் கீழே வைத்துவிட்டு, கோயில் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே, "அம்மா, நான் சொன்னது வாசிச்சுப் பழகுறத! உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார்.

"பிராட்டீஸு" என்றார் நைனா, ஈனக் குரலில்.

அம்மா என்னைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆர்மோனியம் 'ஙே' என்று கத்தியது. அழுது முடித்ததும் கையில் கிடைத்த என் காதைப் பிடித்துத் திருகி, "அவ்ளோ எறாவும் துன்னுட்டியேடா, கட்டையில போறவனே!" என்றாள். ஆயுசு திரும்பக் கிடைத்துவிட்டது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நண்பனிடம் ஓடிப்போய்ப் பம்பரத்தைக் கேட்டேன். "குட்த்தது குட்த்ததுதான். நீ சாவலன்னா அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றான். அதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் பொங்கல். விடிந்ததும் பழக்கதோஷத்தில் குளித்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வாசற்படியில் சனீஸ்வரன் இல்லை. ஆனாலும் புதுப் பாட்டு ஒன்றில் எங்கே மேடு என்று தேடி, அந்த நான்கு கட்டையை மட்டும் மெதுவாக அழுத்தினேன். அடுத்த அறையில் நைனாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நீ இன்னாத்துக்கு அந்தம்மா கையில சாதகத்த குட்த்த? அதனாலதான எனக்கு இம்மாம் பேஜாரு" என்றார் நைனா.

"நானா? நீதான் குட்த்தன்னு நான் வாயத் தொறக்காம இருந்தேன்! அது உங்கண்ணனாண்ட இல்ல கீது?"

"எங்கண்ணனாண்ட ஏது? பிரசவம் உங்கூட்ல, பொதட்டூர்பேட்டைல. உங்க நைனா எய்தி வெச்சிருப்பாருன்னு இருந்தேன்."

"எங்க நைனா நீங்க எய்திக்கினீங்கன்னு வுட்டுட்டாரு."

அம்மா பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு ஜாதகம் என்று ஒன்று யாரும் எழுதவே இல்லை.